எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டாதவர்

மனிதர்களில் 'யார் தயவும் இல்லாமல் முன்னுக்கு வந்தவன் நான்' என்று ஒரு ரகம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் இருக்க அவர்கள்தான் விடமாட்டார்களே. பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் வந்து நிற்பார்கள், பல் டாக்டரின் வரவேற்பறையில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், நீங்கள் வாய் தவறி 'இன்னிக்கு வெயில் ஜாஸ்தி' என்று சொல்லிவிட்டால் போதும், அதைவிடக் கொடிய வெயிலில் பதினாறு வயதில் தன்னந்தனியாக நடந்த கதையை எடுத்து விரித்துவிடுவார்கள். அந்தக் கதையில் வேறொரு ஆள் தலைகாட்ட முடியாது. தங்களைப் பெற்றது ஒரு தாய் என்பதைக்கூட வேறு வழியில்லாமல்தான் ஒப்புக்கொள்வார்கள்.

வக்கீல்களில் இந்த ரகம் உண்டு, வாத்தியார்களில் உண்டு, வீட்டுத் தரகர்களில் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. ஆனால் நன்றாக முற்றிப் பழுத்ததைப் பார்க்க வேண்டுமானால் மேடை நடிகர்களிடம்தான் போக வேண்டும். ஏன் என்கிறீர்களா? யோசித்துப் பாருங்கள். ஒப்பனைக்காரர் முகம் கொடுக்கிறார், தையற்காரர் தோள் கொடுக்கிறார், விளக்குக்காரர் கண்ணுக்கு ஒளி கொடுக்கிறார், எழுதியவர் பேச்சுக் கொடுக்கிறார்; இத்தனையையும் வாங்கி மாட்டிக்கொண்டு வந்து நடுமேடையில் நின்று 'நான் தனி ஆள்' என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்? அந்தத் தைரியம் நம்முடைய மகாராஜாவிடம் மூட்டை மூட்டையாக இருந்தது.

மகாராஜா என்பது அவர் பெயரில்லை. பத்தொன்பது வருஷமாக ஒரே குழுவில், ஒரே நாடகத்தில், அதே ராஜா வேஷம். சொந்தப் பெயரை அவர் வீட்டு வரி ரசீது மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. மளிகைக்கடைக்காரர்கூட 'மகாராஜாவுக்கு அரைக்கிலோ வெங்காயம்' என்றுதான் பொட்டலம் கட்டச் சொல்வார். மகாராஜா அதைக் கேலி என்று ஒரு நாளும் எடுத்துக்கொண்டதில்லை. லேசாகத் தலையசைத்து வெங்காயத்தைப் பெற்றுக்கொள்வார்.

நடிப்பு நன்றாகத்தான் இருக்கும், பொய் சொல்லக்கூடாது. குரல் இருந்தது, நடை இருந்தது, கண் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று. ஞாபகம். பத்தொன்பது வருஷமாகச் சொல்லும் வசனம், நேற்றுப் பக்கத்து ஊரில் சொன்ன வசனம், இன்று நாக்கு நுனி வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

அதற்குத்தான் அவர் மனைவி இருந்தார். மேடையின் இடது ஓரத்தில், திரையின் மடிப்புக்குள், மூன்று கால் ஸ்டூல் ஒன்றில், மடியில் நாடகப் பிரதியோடும் கையில் சின்ன டார்ச்சோடும் உட்கார்ந்திருப்பார். வசனம் எடுத்துக்கொடுப்பது அவர் வேலை. அதில் அவர் புலி. முழு வரியையும் சொல்லமாட்டார். முதல் இரண்டு வார்த்தை, அதுவும் முதல் வரிசைக்குக் கேட்காத சத்தத்தில். புருஷன் மூச்சை இழுக்கிற விதத்திலேயே, இந்த மூச்சில் வசனம் இருக்கிறதா, வெறும் காற்றுதானா என்று கண்டுபிடித்துவிடுவார். வெறும் காற்று என்றால் மகாராஜாவின் கழுத்து மெல்ல இடது பக்கம் திரும்பும். அந்த இடதுபக்கப் பார்வையைப் பற்றி ஒரு விமரிசகர் அரைப்பக்கம் எழுதியிருக்கிறார். ராஜ்யத்தை இழக்கப்போகிறவனின் தனிமை அதில் தெரிகிறதாம். அந்தப் பார்வைக்கு நேராக இருந்தது ஸ்டூல் ஒன்றுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குரலில் எது வந்தாலும் மகாராஜா சொல்லிவிடுவார். யோசிக்கமாட்டார், யோசித்தால் நாடகம் படுத்துவிடும். ஒருமுறை ஒட்டுமீசை ஒரு பக்கம் பெயர்ந்து தொங்க, 'மீசை, மீசை' என்று மனைவி பதறியதை வாங்கி, 'மீசை! மீசை!' என்று சபையைப் பார்த்து முழங்கிவிட்டார். கைதட்டலும் கிடைத்தது.

வீட்டிலும் இதே ஏற்பாடுதான். அழைப்பு மணி அடிக்கும். கதவைத் திறப்பார். எதிரே ஒரு ஆள் பல்லெல்லாம் தெரிய நிற்பார். மகாராஜாவின் கழுத்து இடது பக்கம் திரும்பும்.

"உங்க சித்தப்பா பையன். போன மாசம் முழங்கால் ஆபரேஷன்" என்று மெல்ல வரும்.

"வாடா தம்பி. முழங்கால் எப்படி இருக்கு?" என்று இவர் கட்டிக்கொள்வார். 'அண்ணனுக்கு எவ்வளவு வேலை, இருந்தும் என் முழங்காலை மறக்கல பாரு' என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

மாதத்துக்கு ஒருமுறை மகாராஜா சமையலறைக்கும் எழுந்தருளுவார். "இன்னிக்கு நான்" என்பார். அதற்கு அர்த்தம் ஆம்லெட். ஜன்னல் திறக்கப்பட வேண்டும், வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், மனைவி வாசற்படியில் நின்று பார்க்க வேண்டும். பார்க்க மட்டுமா? வெங்காயம் நறுக்கியிருக்க வேண்டும், முட்டை அடித்திருக்க வேண்டும், கல் காய்ந்திருக்க வேண்டும். இவர் 'உப்பு' என்று திரும்பிப் பார்க்காமலே இடது கையை நீட்டுவார். உப்பு வரும். 'தட்டு' என்பார். தட்டு வரும். பிறகு ஒரே ஒரு தடவை, மணிக்கட்டைச் சுண்டி, ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவார். போட்டுவிட்டு ஒரு நிமிஷம் அசையாமல் நிற்பார். ஏன் நிற்கிறார்? அது கைதட்டலுக்கான இடைவெளி.

"எப்படி?"

"நல்லா இருக்கு."

"யார்கிட்டயும் கத்துக்கிட்டதில்ல" என்பார் மகாராஜா. தொட்டியில் ஏழு பாத்திரம் கிடக்கும். அவர் போய்விடுவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி குடைசாய்ந்தது ஒரு பேட்டியால். பத்திரிகைக்காரப் பெண்மணி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பொதுவாக நாலு கேள்வி கேட்டுவிட்டு, "மேடையில வசனம் எடுத்துக் குடுக்க ஆள் வச்சிருப்பாங்களே, உங்களுக்கும் உண்டா?" என்றார். சாதாரணக் கேள்விதான். மகாராஜா நாற்காலியில் நிமிர்ந்து, பார்வையைத் தூரத்தில் நிறுத்தி, "எனக்கா? பத்தொன்பது வருஷத்துல ஒரு வரி எடுத்துக் குடுக்க எனக்கு ஆள் தேவைப்பட்டதில்ல. யார் தயவும் இல்லாம வந்தவன்மா நான்" என்றார். அந்தச் சமயம் பார்த்து மனைவி இரண்டு கோப்பைத் தேநீரோடு உள்ளே வந்துகொண்டிருந்தார். கோப்பைகளை வைத்தார். "சர்க்கரை பார்த்துக்குங்க" என்று விருந்தாளியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பேட்டி ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்கட்கிழமை ஒத்திகைக் கூடத்துக்குக் குழுவின் மேனேஜர் அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வெளிநாட்டில் ஒரு நாடக விழாவுக்கு அழைப்பு வந்திருந்தது. விமானத்தில் இடம் ஒன்பது பேருக்கு. குழுவிலோ பத்துப் பேர். யாரைக் கழற்றிவிடுவது என்று மூன்று வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த மனிதர் அன்று முகமெல்லாம் மலர்ச்சியாக இருந்தார்.

"அண்ணே, நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம். அண்ணி வர வேண்டிய அவசியமே இல்லையே" என்றார்.

கூடமே மகாராஜாவைப் பார்த்தது. என்ன பெரிய விஷயம்? 'அது சும்மா பேச்சுக்குச் சொன்னதுப்பா, அவ இல்லாம முடியாது' என்று ஒரு வரி. அதைச் சொன்னால் தீர்ந்தது. மகாராஜா வாயைத் திறந்தார். வெறும் காற்று. கழுத்து இடது பக்கம் திரும்பியது. ஸ்டூலில் மனைவி உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் பிரதி மூடியிருந்தது. அவர் எடுத்துக்கொடுக்கவில்லை.

"ஆமாப்பா" என்றார் மகாராஜா. "தேவைப்படாது."

அன்று வீடு திரும்பும்போது மனைவி கையில் ஸ்டூல் இருந்தது. "காய் நறுக்க உயரம் சரியா இருக்கும்" என்று அதைச் சமையலறையில் போட்டுவிட்டு, "திரும்பி வந்தப்புறம் வேற ஆள் பார்த்துக்குங்க. நான் இனிமே வரல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மகாராஜா நிம்மதியாகத் தூங்கியிருப்பார். கோபத்தைச் சமாளிக்க அவரிடம் வேண்டிய மட்டும் வசனம் இருந்தது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரு வார்த்தை எடுத்துக்கொடுக்கப்படவில்லை. கண்ணாடி எங்கே என்று கேட்டால், "உங்களுக்குத்தான் தேவையில்லையே" என்று பதில் வரும். வியாழக்கிழமை மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு ஆள் சிரித்துக்கொண்டு நின்றார். மகாராஜா இடது பக்கம் பார்த்தார், சுவர்தான் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கட்டித் தழுவி, உட்காரவைத்து, குடும்ப க்ஷேமமெல்லாம் முக்கால் மணி நேரம் விசாரித்தார். வந்தவர் கடைசியில் கூச்சத்தோடு, "ஃபிரிட்ஜ் எங்க சார் இருக்கு? கேஸ் போடச் சொன்னாங்க" என்றார்.

இந்த நிலைமையில் மகாராஜா விமானம் ஏறினார்.

வெளிநாட்டில் இறங்கியதும் அவருக்குக் கிடைத்த முதல் மேடை குடியேற்ற அதிகாரியின் கண்ணாடிக் கூண்டு. அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டி, "எதற்காக வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. முன்னால் போன எட்டுப் பேரும் 'நாடகம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லித் தாண்டிவிட்டார்கள். மகாராஜாவால் அப்படி முடியுமா? தோளை நிமிர்த்தினார். கேள்வியை உள்ளே வாங்கினார். நீளமாக ஒரு மௌனம் விட்டார். பிறகு பழக்கதோஷத்தில் கழுத்தை இடது பக்கம் திருப்பினார். அங்கே துப்பாக்கியோடு ஒரு காவலர் நின்றிருந்தார். மகாராஜா அவருடைய வாயையே உற்றுப் பார்த்தார். காவலர் இவரை உற்றுப் பார்த்தார். அதிகாரி இருவரையும் உற்றுப் பார்த்தார். அப்புறம் என்ன? தனி அறை, பெட்டி சோதனை, பெட்டிக்குள் ஒரு கிரீடம், ஒரு வாள், மூன்று மீசை. அட்டைக் கிரீடம், தகர வாள்தான் என்று மேனேஜர் வந்து கையைக் காலைப் பிடித்து விளக்கி மீட்டுக்கொண்டு வருவதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிப்போனது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே."

"நான் அவங்களைச் சோதிச்சேன்" என்றார் மகாராஜா.

மறுநாள் ஒத்திகையில் குட்டு உடைந்தது. முதல் காட்சியில் பாதி வந்தது, பாதி வரவில்லை. இரண்டாவது காட்சியில் ராணி வேஷக்காரி தன் வசனத்தையும் சொல்லி, அவர் வசனத்தையும் கேள்வியாகக் கேட்டு ஒப்பேற்றினார். மூன்றாவது காட்சிதான் நாடகத்தின் உயிர். எதிரி நாட்டுத் தூதுவன் ஒரு வெறும் தட்டை ஏந்திக்கொண்டு வந்து, 'கோட்டைச் சாவியை இதில் வை' என்பான். ராஜா எழுந்து, 'இந்தத் தட்டில் என் தலை வரும், சாவி வராது' என்று கர்ஜிக்க வேண்டும். கர்ஜனை வந்தது. வார்த்தை வரவில்லை. தூதுவன் கை வலிக்க வலிக்கத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகாராஜா தனக்குத் தொண்டை சரியில்லை என்றார்.

அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"நீ சும்மாதானே இருக்கே?"

"சும்மாதான் இருக்கேன்."

"இல்ல, பொழுது போகாம கஷ்டப்படுவியேன்னு பார்த்தேன்."

"ரொம்பக் கஷ்டமா இருக்கு. விஷயத்தைச் சொல்லுங்க."

"நாளைக்கு நாடகம் நடக்கிறப்போ நீ போன்ல இருந்தா, உனக்கும் பார்த்த மாதிரி இருக்குமேன்னு..."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"எந்தக் காட்சியில நிக்குது?"

"மூணாவது."

"ரெண்டாவது?"

"அதுலயும் கொஞ்சம்."

"மொதக் காட்சி?"

"அது பரவாயில்ல. பாதி வருது."

பிறகு மனைவி, "மேடையில உங்களோட இன்னும் ஆறு பேர் நிக்கிறாங்க. அவங்களுக்காக இருக்கேன். உங்களுக்காக இல்ல" என்றார். மகாராஜாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. 'மன்னிச்சிரு' என்று சொல்ல அது நல்ல இடம். அவருக்கும் அது தெரிந்தது. "சரி, சார்ஜ் போட்டு வச்சுக்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.

அங்கே மாலை ஏழு மணி என்றால் இங்கே பொழுது விடிந்து அடுப்பு எரிகிற நேரம். மகாராஜா காதில் சின்னக் கருவியைச் செருகி, மேலே கிரீடத்தைக் கவிழ்த்துக்கொண்டு மேடையில் நின்றார். மனைவி சமையலறையில் அதே மூன்று கால் ஸ்டூலில், போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்துவைத்து, மடியில் பிரதியும் கையில் கத்தியுமாக உட்கார்ந்திருந்தார். சபையில் நானூறு பேர். பெரும்பாலும் நம் பாஷை தெரியாதவர்கள்; அவர்களுக்காக மேடைக்கு மேலே ஒரு திரையில் மொழிபெயர்ப்பு ஓடிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் மட்டும் நம் பாஷைக்காரர்கள் ஒரு முப்பது பேர் இருந்தார்கள்.

முதல் காட்சி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டாவது காட்சியில் காதுக்குள் குக்கர் விசிலடித்தது. அது அடித்து ஓயும்வரை மகாராஜா ராணியின் கையைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். மூன்றாவது காட்சி வந்தது. தூதுவன் வந்தான். தட்டை நீட்டினான். "சாவி எங்கே?" என்றான். மகாராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்தார், மூச்சை இழுத்தார், கழுத்தை இடது பக்கம் திருப்பினார்.

அந்த நிமிஷம் பார்த்து, இங்கே, இரவல் வாங்கிப் போன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வீட்டம்மா பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். மனைவி தலையைத் தூக்காமல், தொழில் குரலிலேயே, மெல்ல, "பாத்திரத்தை அங்கயே வச்சிட்டுப் போங்க. அவசர வேலையா இருக்கேன்" என்றார்.

மகாராஜா யோசித்தாரா? பத்தொன்பது வருஷத்தில் யோசிக்காதவர் இன்றைக்கா யோசிப்பார்? வலது கையை உயர்த்தி, விரலை நீட்டி, அரங்கம் அதிர, "பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்! அவசர வேலையாக இருக்கிறேன்!" என்று முழங்கினார்.

மேலே திரையில் தலை வரும், சாவி வராது என்று கம்பீரமாக ஓடியது. தூதுவன் ஒரு விநாடி பேந்தப் பேந்த விழித்தான். ராஜா சொன்னால் செய்துதானே பழக்கம்? தட்டை 'டங்'கென்று, காதிலிருந்த கருவிக்கும் கேட்கும்படி, தரையில் வைத்தான். போய்விட்டான். நாடகத்தில் அவன் போகக்கூடாது. அவன் போர்ப் பிரகடனம் செய்ய வேண்டும். போர் இல்லாவிட்டால் நாலாவது காட்சியே இல்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேடையில் மகாராஜாவும் தட்டும் தனியாக நின்றார்கள். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. 'போச்சு, மானம் கப்பலேறிப் போச்சு' என்று மனசுக்குள் அலறினார்.

"தூதுவனே, நில்" என்றது காது.

"தூதுவனே, நில்!"

பக்கத்திரையிலிருந்து தூதுவனின் தலை எட்டிப் பார்த்தது.

"இங்க வா. தட்டை எடு."

"இங்கே வா. தட்டை எடு."

வந்தான். எடுத்தான்.

"சாவி கேட்டு வந்த தட்டு வெறும் தட்டாவே திரும்பட்டும். தரையில வச்சது தட்டு மட்டும் இல்ல, உன் ராஜாவோட கௌரவம்."

மகாராஜா அதை அப்படியே வாங்கி, ராஜபாஷையில் மாற்றி, இடிபோல இறக்கினார். பின்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. பிரதியில் இல்லாத வரி அது. எழுதியவருக்குத் தோன்றாத வரி. ஸ்டூலில் உட்கார்ந்து கேரட் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்கு, பக்கத்து வீட்டம்மா வாயைப் பிளந்துகொண்டு எதிரே நிற்கும்போதே தோன்றிய வரி. தூதுவனுக்கு உயிர் வந்தது, போரை அறிவித்தான், நாடகம் பிழைத்தது.

இதோடு முடிந்திருந்தால் மகாராஜா வழக்கம்போல எல்லாவற்றையும் தன் கணக்கில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார். ஆனால் திரை விழுந்ததும் விழாக்கார அம்மாள் மைக்கோடு மேடைக்கு வந்தார், கூடவே மொழிபெயர்க்க ஒரு பெண். "இவ்வளவு பெரிய கலைஞரானது எப்படி?" என்று கேட்டார்கள். கேள்வி முடிவதற்குள் மகாராஜாவின் வாய் தானாகத் திறந்துகொண்டது. இந்த ஒரு வசனம் மட்டும் அவருக்கு என்றைக்கும் மறந்ததில்லை.

"யார் தயவும் இல்லாம வந்தவன் நான்" என்றார்.

சொன்ன பிறகுதான் காதில் கருவி இருப்பது ஞாபகம் வந்தது.

"சரி" என்றது காது. ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு குழாய் திறக்கும் சத்தம். பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம். அவ்வளவுதான். எதிரே நானூறு பேர் கைதட்டுகிறார்கள், மகாராஜாவுக்குக் கேட்பதோ தன் வீட்டுக் குழாய். அந்தச் சத்தத்தை இதற்கு முன் அவர் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. ஏழு பாத்திரம் கழுவ எவ்வளவு நேரம் ஆகும் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவருக்கு அழுகை வந்தது, நிஜமாகவே வந்தது, அதை எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி அழுவது என்றுகூடத் தெரியவில்லை.

"ஒரு நிமிஷம்" என்றார். "நான் சொன்னது தப்பு."

கிரீடத்தைக் கழற்றினார். கருவியைத் தொட்டுக் காட்டினார். மேனேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"எனக்கு எடுத்துக் குடுக்க ஆள் உண்டு. என் மனைவி. இப்பக்கூடக் காதுல இருக்கா. இருந்தா. இப்ப குழாய்ல பாத்திரம் கழுவறா."

மொழிபெயர்க்கிற பெண் திகைத்து, "குழாயா?" என்றாள்.

"குழாய்தான்மா, அப்படியே சொல்லு. அவ இல்லேன்னா எனக்கு ஒரு வரி தெரியாது."

அரங்கம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. மகாராஜா பாவம், மனசு உடைந்துபோய்த்தான் நின்றிருந்தார். ஆனாலும் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று, இடுப்பு தானாக வளைந்தது, மூன்று பக்கமும் முறையாக வணங்கி முடித்தார். காதில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியை வைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனார். மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மேனேஜர் சொல்லியிருப்பானே" என்று ஆரம்பித்தார் மகாராஜா.

"ஏதோ பேசினீங்கன்னு சொன்னார். நான் கேட்கல. குழாய் திறந்திருந்தது."

"நானூறு பேர் கேட்டாங்க."

"நானூறு பேரா உங்களுக்கு எடுத்துக் குடுத்தாங்க?"

மகாராஜா வாசற்படியில் நின்று தொண்டையைச் செருமினார். வலது கை உயர்ந்தது.

"கையை இறக்குங்க" என்றார் மனைவி.

இறக்கினார்.

"குரலையும்."

அது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. கழுத்து இடது பக்கம் திரும்பப் பார்த்தது. அங்கே எண்ணெய் ஜாடிதான் இருந்தது. மனைவி இந்தத் தடவை எதிரே இருந்தார்.

"எனக்கு வரி மறக்கும்" என்றார் மகாராஜா. "நீதான் எடுத்துக் குடுப்பே. அதை இல்லேன்னு சொல்லிட்டேன். உன் முன்னாடியே சொன்னேன். தப்பு."

"அப்புறம்?"

"நீ இல்லேன்னா எனக்கு ஒரு வரி தெரியாது."

"கடைசி வரிசைக்குக் கேட்கல."

சமையலறையில் ஏது கடைசி வரிசை? ஆனாலும் மகாராஜா இன்னொரு தடவை சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. மேடையில் உடையும்போது அழகாக உடையும், இங்கே கரகரவென்று அசிங்கமாக உடைந்தது. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தின் மேல் பழி போடலாம் என்றால் நறுக்கிக்கொண்டிருந்தது கேரட். முந்தானையால் துடைத்துக்கொண்டு, "ஸ்டூலை நீங்கதான் தூக்கிட்டு வரணும்" என்றார். மறுநாள் மகாராஜா தெருவழியே, மளிகைக்கடைக்காரர் எழுந்து நின்று பார்க்க, ஸ்டூலைத் தோளில் சுமந்துகொண்டு ஒத்திகைக்குப் போனார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நன்றாக இருக்கிறதே. இந்த ரகம் திருந்துமா?

இப்போது அவர் வீட்டுக்கு யார் போனாலும் இந்தக் கதைதான். 'என்னை மாதிரி ஒரு நடிகன், நானூறு பேர் முன்னாடி, கிரீடத்தைக் கழற்றி, மனைவிக்கு நன்றி சொன்னதுண்டா? இப்படிச் செய்யணும்னு எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. நானா செஞ்சேன்' என்பார். எழுந்து நின்று நடித்தே காட்டுவார். குழாய்ச் சத்தம்கூட வரும். "அப்ப நான் சொன்னேன்..." என்று கையை உயர்த்துவார். மூச்சை இழுப்பார். வெறும் காற்று. கழுத்து மெல்ல இடது பக்கம் திரும்பும்.

"அவ இல்லேன்னா" என்று சமையலறை வாசலிலிருந்து மெல்ல வரும்.

"அவ இல்லேன்னா எனக்கு ஒரு வரி தெரியாது!" என்பார் மகாராஜா. வந்தவர்கள் உருகிப் போவார்கள்.

மகாராஜாவை விடுங்கள். இவ்வளவு நேரமும் இதைப் படித்துக்கொண்டே, 'அட, நம்ம பெரியப்பா அச்சு அசல் இப்படித்தான்' என்று ஒருவரையும், 'ஆபீஸ்ல அந்த மனுஷன்' என்று இன்னொருவரையும் மனசுக்குள் நிற்கவைத்துச் சிரித்தீர்கள் இல்லையா? சிரியுங்கள், வேண்டாமென்று யார் சொன்னார்கள்? ஒரே ஒரு கேள்வி. போன கல்யாணத்தில் ஒரு மனிதர் உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாரே, அவர் யாரென்று உங்கள் காதோடு சொன்னது யார்? 'அந்தப் பைல் எங்க', 'என் மாத்திரை எத்தனை மணிக்கு', 'அந்த ஜோக்ல கடைசியா என்ன வரும்' என்றெல்லாம் கேட்கும்போது உங்கள் கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது? கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

எழுதுகிறவன் கதை வேறு. ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு பேனா, அவ்வளவுதான். இதையும் ஒருத்தர் தயவில்லாமல்தான் எழுதினேன். முடிவு மட்டும் நாலு நாளாக வராமல் இழுத்தடித்தது. பேனாவைக் கடித்தபடி சும்மா ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பினேன்.

"அந்தக் கல்யாணத்துல கையைக் குலுக்கினாரே, அதைப் போட்டு முடிச்சிருங்க" என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது.

நானும் அதைத்தான் நினைத்து வைத்திருந்தேன்.